பாடகர் ஏன் கதவுக்குள் போய் நிற்கிறார்?

வீட்டில் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நட்டநடுவே உட்கார்ந்து பாட்டுக் கேட்டால், பாடகர் நேர் எதிரே நின்று பாடுவது போலிருக்கும். காரில் அப்படிக் கேட்பது அபூர்வம். காரணம், அங்கே யாரும் நடுவில் உட்காருவதில்லை. ஓட்டுநருக்கு வலது கதவு ஸ்பீக்கர் 80 செ.மீ. தூரத்திலும் இடது கதவு ஸ்பீக்கர் 140 செ.மீ. தூரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடப்பக்க ஒலி சுமார் 1.7 மில்லி விநாடி பிந்தி வரும். பிந்துவது ஒரு மில்லி விநாடியைத் தாண்டினாலே, முதலில் வந்த ஒலியின் திசையைத்தான் மூளை நம்பும். பாடகர் வலது கதவுக்குள் போய்விடுவார்.

சரி, வலது ஸ்பீக்கரைக் கொஞ்சம் தாமதப்படுத்தலாமே? கார் ஒலி அமைப்பை வடிவமைப்பவர்கள் அதைச் செய்கிறார்கள். ஆனால் ஓட்டுநருக்குச் சரியாவது பக்கத்து சீட்டுக்காரருக்கு இன்னும் மோசமாகும். இப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆட்களை உட்காரவைத்து மதிப்பெண் வாங்கினால் நாள்கணக்கில் இழுக்கும்; காதும் களைத்துப்போகும். அதனால்தான் கேட்பவர் என்ன சொல்வார் என்பதைக் கணக்கிட்டே ஊகிக்கப் பார்க்கிறார்கள்.

இதற்குக் காதுகளில் மைக் பொருத்திய செயற்கைத் தலையை சீட்டில் வைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் வரும் ஒலியைப் பதிவு செய்வார்கள். இரு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசம் (மனிதத் தலைக்கு அதிகபட்சம் 0.7 மில்லி விநாடி அளவு), சத்த வித்தியாசம் இரண்டிலிருந்தும் திசையைக் கணக்கிடலாம். இரு காதுகளின் ஒலியும் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கிறது என்பது இன்னொரு அளவு. ஒற்றுமை குறையக் குறைய ஒலி அகலமாக விரிந்து கேட்கும். அப்புறம், அதே பதிவுகளை ஹெட்போனில் கேட்டு ஆட்கள் கொடுத்த மதிப்பெண்களோடு இந்த அளவுகளைப் பொருத்தி ஒரு சூத்திரம் உருவாக்குவார்கள்.

இதில் திசையை ஊகிப்பதுதான் சுலபம். ‘ஒலி நம்மைச் சூழ்ந்திருக்கிறதா’ என்ற கேள்விதான் படுத்துகிறது. இசை அரங்குகளில் முதல் 80 மில்லி விநாடிக்குள் வரும் எதிரொலிகளை ஒருவகை, பிந்தியவற்றை வேறுவகை என்று பிரிப்பது வழக்கம். காரிலோ கண்ணாடி முகத்தருகே இருப்பதால் எதிரொலிகள் சில மில்லி விநாடிகளிலேயே வந்துவிடுகின்றன. அந்த 80 மில்லி விநாடிப் பிரிப்பு இங்கே உதவாது.

தலை அசைவு இன்னொரு தொல்லை. ஒலி முன்னாலா பின்னாலா என்ற குழப்பத்தை நாம் கழுத்தை லேசாகத் திருப்பித் தீர்த்துக்கொள்கிறோம். செயற்கைத் தலை அசையாது. அதைப் பல கோணங்களில் திருப்பித் திருப்பித்தான் அளக்க வேண்டியிருக்கிறது. இத்தனையும் நிற்கும் காரில். வண்டி நகர்ந்தால் டயர் இரைச்சல் முதலில் தாழ்ந்த சுரங்களை விழுங்கிவிடும்.