நெஞ்சில் சிவப்புத் தடிப்பு: எச்ஐவியாக இருக்குமோ?

"நெஞ்சிலும் முதுகிலும் சின்னச் சின்னதாகச் சிவப்புத் தடிப்பு. மூன்று வாரத்துக்கு முன்னால் ஆணுறை இல்லாமல் உறவு கொண்டேன். இணையத்தில் படங்களைப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. எச்ஐவிதானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது. காலம் முழுக்கத் தோல் வியாதிகளையே பார்த்துவரும் மருத்துவரும் ஊகிக்கத்தான் முடியும். ஆனால் கொஞ்சம் இரத்தம் கொடுத்தால் விடை கிடைத்துவிடும்.

எச்ஐவி உடலுக்குள் போனதும் இரத்தத்தில் தென்படாது. முதல் பத்து நாள் போல, நுழைந்த இடத்துத் திசுவிலும் பக்கத்து நிணநீர் முடிச்சுகளிலும் சத்தமில்லாமல் பெருகும். அதுவரை காய்ச்சலும் வராது, தடிப்பும் வராது. 'நேற்று ராத்திரி உறவு, இன்று காலை அரிப்பு' என்று பதறுபவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஆனால் அவர்களுக்கு வேறொரு அவசரம் இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் தொற்றைத் தடுக்கக்கூடிய மாத்திரைகள் உண்டு. அதற்காக அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

அப்புறம் வைரஸ் இரத்தத்துக்குள் பாய்கிறது. இரண்டாவது வாரத்துக்கும் நான்காவது வாரத்துக்கும் நடுவில், ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் பத்து லட்சத்தைத் தாண்டியும் அதன் பிரதிகள் இருக்கலாம். எதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொண்டு முழுப் பலத்தோடு இறங்குகிறது. காய்ச்சல், தொண்டை வலி, உடம்பு வலி, கழுத்தில் நெறி கட்டுவது, சிலருக்குத் தடிப்பு எல்லாம் இந்தக் கட்டத்தில்தான் வரும். பலருக்கு ஒன்றுமே வராமலும் போகும்.

அந்தத் தடிப்பு எப்படி உண்டாகிறது? மேல்தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுற்றி எதிர்ப்பு மண்டலத்தின் வெள்ளையணுக்களான டி செல்கள் கூடுகின்றன. அவை விடும் வேதிப்பொருட்களால் குழாய்கள் விரிந்து, அந்த இடம் சிவந்து லேசாகத் தடிக்கிறது. திருடனைத் துரத்தும் கூட்டம் கிளப்பும் புழுதி மாதிரிதான். புழுதியைப் பார்த்து, ஓடுவது எந்தத் திருடன் என்று யார் சொல்ல முடியும்? தட்டம்மையிலும் டெங்குவிலும் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனாலும் ஏறக்குறைய இதே தடிப்பு வருகிறது. போதாக்குறைக்கு, இணையப் படங்களில் பெரும்பாலானவை வெளிர் தோலில் எடுத்தவை. மாநிறத்திலும் கறுப்பிலும் அதே தடிப்பு சிவப்பாகத் தெரியாமல், கருஞ்சிவப்பாகவோ கொஞ்சம் கருத்தோ தெரியும். 'அப்படியே இருக்கிறது' என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சில குறிப்புகள் உண்டு, தீர்ப்புகள் இல்லை. எச்ஐவித் தடிப்பு பெரும்பாலும் மார்பு, முதுகு, முகத்தில் காய்ச்சலோடு வரும், அதிகம் அரிக்காது, ஓரிரு வாரத்தில் தானாக அடங்கும். அரிப்பெடுத்து, சில மணி நேரத்தில் ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் கிளம்பினால் காணாக்கடியாக இருக்கலாம். வளையமாகப் பரவினால் படர்தாமரை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வந்தால், உடலுறவால் பரவும் இன்னொரு நோயான சிபிலிஸுக்கும் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும். அதற்கும் இரத்தம்தான், ஒரே ஊசியில் எடுத்துவிடலாம்.

சரி, இரத்தத்தை எடுத்து என்ன செய்கிறார்கள்? எனக்கு அலுக்காத பகுதி இதுதான்.

96 குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியும் சில மில்லிமீட்டர் அகலம்தான். அதன் அடியில் எச்ஐவியின் புரதத் துண்டுகளை முன்பே ஒட்டவைத்திருப்பார்கள். அதில் உங்கள் இரத்தத்தின் தெளிநீரை விடுகிறார்கள். எச்ஐவிக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது அந்தக் கிருமியைப் பிடிக்கவென்றே உடல் செய்யும் புரதம், அதில் இருந்தால் அந்தத் துண்டுகளைப் பற்றிக்கொள்ளும். பிறகு கழுவுகிறார்கள், பற்றாதது எல்லாம் போய்விடும்.

இப்போது குழியில் ஆன்டிபாடி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆன்டிபாடிக்கு இரண்டு கைகள், இரண்டும் அச்சு அசல் ஒன்று. ஒரு கை அடியிலுள்ள துண்டைப் பிடித்திருக்க, மறு கை சும்மா இருக்கிறது. எனவே அதே வைரஸ் புரதத்தை, இம்முறை ஒரு நொதியைக் கோத்து, மறுபடி ஊற்றுகிறார்கள். சும்மா இருந்த கை அதைப் பிடிக்கிறது. மீண்டும் கழுவுகிறார்கள். கடைசியாக நிறமற்ற ஒரு திரவம். நொதி அங்கே மாட்டியிருந்தால் திரவம் நீலமாகும், அமிலம் சேர்த்தால் மஞ்சளாகும், கருவி அந்த மஞ்சளை அளக்கும். ஆன்டிபாடி இல்லாவிட்டால் நொதிக்குப் பிடிமானம் இல்லை, கழுவிய நீரோடு போயிருக்கும், குழி நிறமில்லாமலே இருக்கும். தட்டம்மையின் ஆன்டிபாடி எத்தனை இருந்தாலும் இங்கே பாலம் போட முடியாது. இரண்டு பக்கமும் அதற்குப் பழக்கமில்லாத புரதம்.

ஆன்டிபாடி உருவாக மூன்று நான்கு வாரம் பிடிக்கும். அந்த இடைவெளியைக் குறைக்க, நான்காம் தலைமுறைச் சோதனையில் வைரஸின் பி24 என்ற புரதத்தையும் சேர்த்துத் தேடுகிறார்கள். எச்ஐவியின் மரபுப்பொருளை மூடியிருக்கும் கூம்பு, இந்த ஒரே புரதத்தின் சுமார் 1500 பிரதிகளால் ஆனது. ஒரு வைரஸுக்கு அத்தனை என்றால், வைரஸ் பெருகியிருக்கும் இரத்தத்தில் எவ்வளவு இருக்கும்! இங்கே சோதனை தலைகீழ்: அடியிலும் மேலேயும் ஆன்டிபாடி, நடுவில் பி24. வாசகரின் தடிப்பு எச்ஐவியால் வந்ததென்றால் வைரஸ் இப்போது உச்சத்தில் இருக்கும், பி24 பெரும்பாலும் இப்போதே சிக்கிவிடும்.

குழியில் நிறம் பார்க்கும் இந்த முறைக்கு எலைசா என்று பெயர். இதை ஸ்டாக்ஹோமில் ஏவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் 1971-ல் வெளியிட்டார்கள். அவர்கள் அளந்தது முயல் இரத்தத்திலுள்ள ஒரு புரதத்தை. எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை வந்ததே 1981-ல்தான். 1985-ல் எச்ஐவிச் சோதனை புழக்கத்துக்கு வந்தபோது வழிமுறை தயாராக இருந்தது. 'முயல் புரதத்தை அளந்து யாருக்கு லாபம்?' என்று கேட்டு நிதியை வெட்டும் ஆட்களிடம் இதைச் சொல்லிப் பார்க்க எனக்கு ஆசை. தோலைப் பார்த்தே எச்ஐவி என்று சொல்லி, லேகியத்தில் குணமாக்குவதாகப் பணம் கறப்பவர்களிடம் சொல்லிப் பயனில்லை, அவர்கள் மீது வழக்குதான் போட வேண்டும்.

வாசகர் இப்போதே ஒரு சோதனை செய்துகொள்ளட்டும். நெகட்டிவ் என்றால், சம்பவம் நடந்து 45 நாள் ஆனபின் ஆய்வகத்தில் நான்காம் தலைமுறைச் சோதனை இன்னொன்று. அதுவும் நெகட்டிவ் என்றால் அந்தச் சம்பவத்தை மறந்துவிடலாம். விரலில் குத்திப் பார்க்கும் துரிதச் சோதனை மட்டுமே கிடைக்கிறது என்றால் மூன்று மாதம் வரை பொறுக்க வேண்டும். 'ரியாக்டிவ்', அதாவது தொற்று இருக்கலாம், என்று வந்தாலும் அது முடிவில்லை, வேறு முறைகளால் உறுதி செய்வார்கள். உறுதியானால் சிகிச்சையை உடனே தொடங்கலாம். தினமும் மாத்திரை எடுத்து, வைரஸ் அளவிட முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவு வழியாக அது பரவுவதில்லை. ஆயுளும் மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட சமம்.

சோதனைகள் எல்லாம் நெகட்டிவ், தடிப்பு மட்டும் போகவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் போங்கள். நடுவில் மருந்துக்கடையில் ஏதாவது ஸ்டீராய்டு கிரீம் வாங்கித் தடவாதீர்கள். படர்தாமரையாக இருந்தால் அது உருமாறி, மருத்துவரே அடையாளம் காணச் சிரமப்படுவார்.