மெயின் போர்டு மாற்றச் சொன்னார்களா? கொஞ்சம் பொறுங்கள்

"மெயின் போர்டு போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க சார். மாத்தினா எவ்வளவு ஆகும்?" கேமரா பழுது பார்க்கும் எனக்கு வரும் போன்களில் இந்தக் கேள்விதான் அதிகம். மெயின் போர்டு என்பது கேமராவை நடத்தும் முக்கிய சர்க்யூட் போர்டு. கேட்பவர்கள் கல்யாண வீடியோ எடுப்பவர்கள், உள்ளூர் கேபிள் சேனல்காரர்கள், லைவ் யூனிட் வைத்திருப்பவர்கள். எல்லோரிடமும் இருப்பது கையடக்கமான ஒளிபரப்பு கேமராதான். எஸ்டிஐ அவுட் (படத்தைக் கேபிளில் வெளியே அனுப்பும் ஒளிபரப்பு சாக்கெட்), இரண்டு எக்ஸ்எல்ஆர் மைக் (தொழில்முறை மைக் சாக்கெட்), இரண்டு கார்டு ஸ்லாட் உள்ள ரகம். விலை சொல்வதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எது வேலை செய்யவில்லை?

"படம் வரல" என்றால் போதாது. எங்கே வரவில்லை? வியூஃபைண்டரில் படம் தெரிந்து எல்சிடி மட்டும் கறுப்பாக இருந்தால், பெரும்பாலும் கீலுக்குள் ஓடும் ஃப்ளெக்ஸ் கேபிள் (வளையக்கூடிய பட்டைக் கேபிள்) விரிசல் விட்டிருக்கும். தினமும் திறந்து, திருப்பி, மூடுகிற இடம் அது. கேமரா கார்டை ஏற்கவில்லை என்றால் ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பின் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆன் ஆகவே இல்லையென்றால் பேட்டரி மாட்டும் தகட்டின் முனைகள், டிசி ஜாக், பக்கத்தில் ஒட்டியிருக்கும் எள்ளளவு ஃபியூஸ் என்று வரிசையாக மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் மெயின் போர்டின் பக்கம் போக வேண்டும். தேதியும் நேரமும் அழிந்துகொண்டே இருந்தால் அது உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி. இவை எதற்கும் மெயின் போர்டு தேவையில்லை.

எல்சிடியில் படம் இருக்கிறது, ரெக்கார்டு ஆகிறது, ஹெச்டிஎம்ஐயிலும் வருகிறது, எஸ்டிஐயில் மட்டும் எதுவும் இல்லை. இப்போது நான் அதிகம் பார்ப்பது இந்தப் பழுதைத்தான். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இது தானாக வருவதில்லை.

எஸ்டிஐ சாக்கெட்டுக்குப் பின்னால் 'கேபிள் டிரைவர்' என்று ஒரு சிறிய ஐசி (சிப்) இருக்கும். பல போர்டுகளில் அது 4 மில்லிமீட்டர் சதுரம்தான். 3ஜி எஸ்டிஐ என்றால் நொடிக்கு 2.97 கிகாபிட் வேகத்தில், வெறும் 0.8 வோல்ட் சிக்னலை 75 ஓம் கேபிளில் தள்ளுவது அதன் வேலை. அவ்வளவு நுணுக்கமான ஐசிக்கு 14 வோல்ட் பேட்டரியின் கரண்ட் பாய்ந்தால் என்ன ஆகும்?

பாய்வது இப்படித்தான். கேமராவின் தலையில் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரை மாட்டுகிறோம். கேமராவுக்கும் அதற்கும் ஒரே வி-மவுண்ட் பேட்டரி (வி வடிவப் பிடியில் மாட்டும் பெரிய பேட்டரி). முதலில் எஸ்டிஐ கேபிளைச் செருகிவிட்டு, அப்புறம் டிரான்ஸ்மிட்டரின் பவர் ஒயரை டி-டேப்பில், அதாவது பேட்டரியில் உள்ள இரண்டு பின் பவர் சாக்கெட்டில், குத்துகிறோம். டி-டேப் நேராக உட்காராது, சாய்ந்து நுழையும். பிளஸ் பின் முதலில் தொட்டு, மைனஸ் இன்னும் தொடாத அந்த ஒரு கணத்தில் டிரான்ஸ்மிட்டர் கரண்ட்டை இழுக்க ஆரம்பித்துவிடும். அந்தக் கரண்ட் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பியாக வேண்டும். திறந்திருக்கும் ஒரே வழி எஸ்டிஐ கேபிளின் மேல்வலை, அதன் வழியாகக் கேமராவின் கிரவுண்டு. மேல்வலை தளர்ந்திருந்தாலோ கேபிள் மட்டமானதாக இருந்தாலோ நடுக்கம்பி வழியாகவும் பாய்ந்து, டிரைவரைத் தின்றுவிட்டுப் போகும். புகை வராது, வாடை வராது. மானிட்டரில் 'நோ சிக்னல்' மட்டும் வரும். கேபிள்தான் போச்சு என்று நினைத்து வேறு கேபிளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள்.

சினிமா கேமரா செய்யும் ஆரி நிறுவனமே இதற்காகத் தன் வாடிக்கையாளர்களுக்குத் தொழில்நுட்பக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது. மாட்டும்போது முதலில் பவர், பிறகு எஸ்டிஐ. கழற்றும்போது முதலில் எஸ்டிஐ, பிறகு பவர். பல லட்சம் போட்டு வாங்கும் கேமராவுக்கே இந்த எச்சரிக்கை தேவைப்படுகிறது என்றால், நம் கேமராக்களுக்குச் சொல்லவே வேண்டாம். யூனிட் பையன்களுக்கு இந்த வரிசையை முதல் நாளே பழக்கிவிடுங்கள். ஃபியூஸ் வைத்த டி-டேப் ஒயர் கிடைக்கிறது. அதையே வாங்குங்கள்.

மண்டபத்தில் இன்னொரு தொல்லை உண்டு. எல்இடி வால்காரர் (பெரிய திரை வைப்பவர்) ஜெனரேட்டரில் இருப்பார், கேமராக்களின் படத்தை மாற்றி மாற்றிக் காட்டும் மிக்ஸர் மண்டபத்து லைனில் இருக்கும், மணமேடைக் கேமரா இரண்டு பின் அடாப்டரில் ஓடும், எர்த் எங்கேயும் இருக்காது. எர்த் இல்லாத பவர் சப்ளையின் உலோக உடம்பில் கிட்டத்தட்ட லைன் வோல்டேஜில் பாதி மிதந்துகொண்டிருக்கும். கை வைத்தால் சுர்ரென்று இழுக்கிறதே, அது இதுதான். கரண்ட் குறைவு என்பதால் ஆளுக்குப் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் பிஎன்சியின் (எஸ்டிஐ கேபிளின் முனையில் உள்ள கனெக்டர்) நடுப்பின் முதலில் தொட்டுவிட்டால் டிரைவருக்கு அது போதும். மிக்ஸருக்குக் கேபிள் இழுக்கும் கேமராவைக் கூடியவரை பேட்டரியில் ஓட்டுங்கள். மிக்ஸரையும் அதோடு சேர்ந்த மானிட்டர்களையும் எர்த் உள்ள ஒரே பிளக் போர்டிலிருந்து எடுங்கள். எல்இடி வால்காரரோடு ஆரம்பத்திலேயே பேசிவிடுவது நல்லது. முகூர்த்த நேரத்தில் அவர் காது கொடுத்துக் கேட்க மாட்டார்.

சரி, டிரைவர் போய்விட்டது. மெயின் போர்டையே மாற்ற வேண்டுமா? சில மாடல்களில் எஸ்டிஐ தனிக் குட்டி போர்டில் இருக்கும். அதை மட்டும் மாற்றினால் முடிந்தது. மெயின் போர்டிலேயே இருந்தால், கைதேர்ந்தவர் அந்த ஐசியை மட்டும் எடுத்துவிட்டுப் புதிது வைக்கலாம். அந்த வேலையை நான் ஆதரிக்கிறேன். நான் ஆதரிக்காதது வேறொன்று: ஆன் ஆகாத கேமராவின் பிராசஸர் மேல் சூடான காற்றை ஊதி 'உயிர் கொடுப்பது'. ஈயம் இல்லாத சால்டர் உருக 217 டிகிரி வேண்டும். அடியில் விரிசல் விட்ட சால்டர் மணி அந்தச் சூட்டில் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். கேமரா ஆன் ஆகும், பணம் கை மாறும். அப்புறம் ஏதோ ஒரு ரிசப்ஷனில், நடுவில், அணைந்துவிடும். சோறு போடும் கேமராவுக்கு அந்த வைத்தியம் வேண்டாம்.

உண்மையாகவே போர்டுதான் போய்விட்டது என்றால் மாற்றத்தான் வேண்டும். கழற்றி மாட்டுவது இதில் சுலபமான பாதி. அதிலும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. உடம்பின் ஸ்க்ரூக்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், நீளம் மாறும். நீளமானதைக் குட்டையான ஓட்டையில் முறுக்கினால் அது அடுத்த போர்டின் மேல் போய் முட்டும். மெயின் போர்டிலிருந்து லென்ஸ், சென்சார், எல்சிடி, ஆடியோ என்று நாலாபக்கமும் ஃப்ளெக்ஸ் கேபிள்கள் கிளம்பும். ஒவ்வொன்றின் வாயிலும் நகத்தால் மெல்ல நிமிர்த்த வேண்டிய ஒரு பிளாஸ்டிக் தாழ்ப்பாள் உண்டு. சில கனெக்டரில் அது தூக்கும் வகை, சிலவற்றில் வெளியே இழுக்கும் வகை. இழுப்பதைத் தூக்கினால் டிக் என்று ஒரு சத்தம், கனெக்டர் காலி. பிராசஸருக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் மெத்தை போன்ற பேடு இருக்கும். பழையதையே திரும்ப ஒட்டக் கூடாது. ஹோமப் புகையிலேயே வாழ்ந்த கேமராவென்றால் காற்றாடியையும் எடுத்துக் கழுவித்தான் மாட்ட வேண்டும். இல்லையென்றால் புது போர்டும் சூட்டில் வேகும்.

கஷ்டமான பாதி, கேமரா ஆன் ஆன பிறகுதான் தொடங்குகிறது. இந்த லென்ஸுக்கும் சென்சாருக்கும் உள்ள சரியான தூரம், சென்சாரில் எந்தெந்தப் புள்ளிகள் செத்தவை, 3200 கெல்வினிலும் (மஞ்சள் பல்பு வெளிச்சம்) 5600 கெல்வினிலும் (பகல் வெளிச்சம்) வெள்ளை எப்படி இருக்க வேண்டும், படம் ஆடாமல் பிடிக்கும் ஸ்டெடிஷாட்டின் கைரோவுக்கு (அசைவை உணரும் சென்சார்) பூஜ்ஜியம் எங்கே, சீரியல் நம்பர் என்று எல்லாமே தொழிற்சாலையில் ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியாக அளந்து எழுதப்பட்டவை. பல மாடல்களில் இதில் பெரும்பகுதி மெயின் போர்டின் மெமரியில்தான் இருக்கிறது. போர்டை மட்டும் மாற்றிவிட்டுக் கொடுப்பது, பவர் பார்க்காமல் அடுத்தவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிவிடுவது மாதிரி.

பழைய போர்டுக்குக் கொஞ்சம் உயிர் இருந்தாலும் முதலில் அந்த டேட்டாவை சர்வீஸ் மென்பொருளில் படித்துச் சேமித்துவிட வேண்டும். சுத்தமாகச் செத்திருந்தால் முதலிலிருந்து அளக்க வேண்டும். அதற்கு நட்சத்திர சார்ட், கிரேஸ்கேல் சார்ட், சீரான விளக்குப் பெட்டி, வேவ்ஃபார்ம் மானிட்டர் எல்லாம் வேண்டும். அரை நாள் வேலை. "போர்டு மாத்தி ஒரு மணி நேரத்துல தந்துடறேன்" என்று யாராவது சொன்னால், இந்தப் பாதியை அவர் செய்யப் போவதில்லை என்று அர்த்தம்.

உடைந்த கேமராவிலிருந்து கழற்றிய போர்டு என்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். அதற்குள் வேறொரு கேமராவின் சீரியல் நம்பரும் வேறொரு லென்ஸின் அளவுகளும் இருக்கும். மின்சாரம் 60 ஹெர்ட்ஸில் ஓடும் நாட்டுக்குச் செய்த போர்டாக இருந்து, நம் ஊரின் 50க்கு மாற்றும் வசதியும் இல்லாவிட்டால், நம் ஊர் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடிக்கும்.

கேமராவைத் திரும்ப வாங்கும்போது கடையிலேயே நின்று பாருங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு கெயினை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் அமைப்பு) உச்சத்துக்கு ஏற்றி, பெரிய மானிட்டரில் பாருங்கள். நகராத வெள்ளை, சிவப்புப் புள்ளிகள் மின்னினால் பிக்ஸல் சரிசெய்யவில்லை. தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை முழு ஜூமில் மேனுவலாக ஃபோகஸ் செய்துவிட்டு அப்படியே வைடுக்கு வாருங்கள். எழுத்து மங்கினால் பேக் ஃபோகஸ், அதாவது லென்ஸுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம், சரியில்லை. டிரைபாடில் வைத்து ஸ்டெடிஷாட்டைப் போடுங்கள். படம் தானாக ஒரு பக்கம் நகர்ந்தால் கைரோ சரியில்லை. உங்களிடம் அதே மாடல் இன்னொன்று இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே வெள்ளைத் தாளைக் காட்டுங்கள். மிக்ஸரில் கட் பண்ணும்போது பட்டுப்புடவை நிறம் மாறும் கதை இங்கேயே தெரிந்துவிடும். மெனுவில் சீரியல் நம்பரைப் பார்த்து, அடியில் உள்ள ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும், கேமரா திருடுபோய்ப் போலீஸில் புகார் எழுதும்போதும் அந்த எண்தான் பேசும். எஸ்டிஐ, ஹெச்டிஎம்ஐ, இரண்டு மைக், இரண்டு கார்டு எல்லாவற்றையும் மாட்டி, அரை மணி நேரம் ஓடவிட்டால் சூட்டுப் பிரச்சினையும் வெளியே வந்துவிடும்.

பில்லில் 'போர்டு மாற்றியது' என்று மட்டும் எழுதவிடாதீர்கள். அட்ஜஸ்ட்மென்ட் செய்தது தனி வரியாக இருக்கட்டும். போர்டு புதியதா, கழற்றியதா என்பதும் இருக்கட்டும். பழைய போர்டையும் கேட்டு வாங்கி, நிலை மின்சாரம் தாக்காத உறையில் போட்டு வையுங்கள். பிறகு புள்ளியோ ஃபோகஸோ தகராறு செய்தால், அதன் மெமரி ஐசியைத் தனியாகக் கழற்றிப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.