நாடா இறுக்கும் இடத்தில் ஒரு கருப்புப் பொருக்கு

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் சித்தூர், நகரி, பலமனேர் பக்கத்திலிருந்து காய்ச்சலோடு வேலூருக்குப் பஸ் ஏறுகிறவர்களில் பலர், உள்ளூரிலேயே ஊசி போட்டு, பாட்டில் ஏற்றி, 'டைபாய்டு' என்று எழுதிய சீட்டோடு கிளம்புகிறார்கள். ஐந்தாறு நாள் ஆகியும் ஜுரம் விடாது. தலைவலி மண்டையைப் பிளக்கும். பிளேட்லெட் குறைந்திருந்தால் வீட்டில் எல்லோரும் டெங்கு என்று பயப்படுவார்கள். ஆனால் இவர்களில் சிலருக்கு வந்திருப்பது ஸ்க்ரப் டைபஸ். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால், மலிவான மாத்திரையில் அடங்கிவிடும் நோய் இது. தாமதமானால் நுரையீரல் வரைக்கும் போகும்.

இதைக் கொண்டுவருவது மாட்டு உண்ணி என்று எங்கள் பக்கம் பலரும் நம்புகிறார்கள். மாட்டு உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதல் மழைக்கு மண்ணில் சிவப்பாக ஊருமே தம்பலப்பூச்சி, அதற்குத் தூரத்து உறவான ஒரு சிற்றுயிர்தான் காரணம். அதன் வளர்ந்த பருவம் மண்ணிலேயே பூச்சி முட்டைகளைத் தின்று வாழும், நம்மைச் சீண்டாது. கடிப்பது முட்டையிலிருந்து வந்த ஆறுகால் இளம்புழு மட்டும். அளவு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். வரப்போரப் புல்லிலும் புதரடிச் சருகிலும் காத்திருந்து, எலியோ மனிதனோ அந்தப் பக்கம் வந்தால் ஏறிக்கொள்ளும். துணி இறுக்கும் இடம் வரைக்கும் ஊர்ந்துபோய் அங்கே நின்றுவிடும். பாவாடை நாடா, அரைஞாண் கயிறு, உள்ளாடை விளிம்பு, அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடி, காதுக்குப் பின்புறம் என்று எல்லாம் நாம் சட்டென்று பார்க்காத இடங்கள்.

அது ரத்தம் குடிப்பதில்லை. எச்சிலை இறக்கித் தோலின் செல்களைக் கரைத்து, அந்தக் கூழை உறிஞ்சுகிறது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை இப்படிச் சாப்பிட்டால் போதும், அடுத்த பருவத்துக்குப் போய்விடும். அந்த ஒரு சாப்பாட்டின்போதுதான் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா நம் உடம்புக்குள் இறங்குகிறது. இந்த பாக்டீரியா தாயிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போவதால், ஒரு புதரில் ஒருமுறை குடியேறிவிட்டால் வருஷக்கணக்கில் அங்கேயே நீடிக்க முடியும்.

கடித்த இடத்தில் முதலில் சின்னக் கொப்புளம். பிறகு நடுவில் கருகி, சிகரெட் நெருப்பு வைத்தது போல ஒரு பொருக்கு கட்டும், சுற்றிலும் சிவப்பு வளையம். வலிக்காது, பெரும்பாலும் அரிக்கவும் அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. வியர்வை தேங்கும் மடிப்புகளில் கருப்புப் பொருக்குக்கூட கட்டாமல், வெளிறிய சின்னப் புண்ணாக மட்டும் இருக்கும். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் வரிசையில் நிற்கும் ஒரு பெண்மணி, நாடாவை அவிழ்த்து இடுப்பைக் காட்டுவார் என்று எதிர்பார்க்க முடியுமா? மகளோ அக்காவோ வீட்டிலேயே துணியை விலக்கி முழு உடம்பையும் பார்த்துவிடுவது மேல். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: எல்லோருக்கும் பொருக்கு வராது. பொருக்கு இல்லை என்பதற்காக இந்த நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இந்த பாக்டீரியாவால் செல்லுக்கு வெளியே பெருக முடியாது. ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்களுக்குள் நுழைந்ததும், தன்னை விழுங்கிய பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. ஒவ்வொரு செல்லிலும் சரக்கு நகர்த்துவதற்கென்றே நுண்குழல்களும் அவற்றின் மேல் நடக்கும் டைனீன் என்ற மோட்டார் புரதமும் உண்டு. ஓரியன்ஷியா அந்த மோட்டாரில் தொற்றிக்கொண்டு உட்கரு ஓரம் வரை போய், அங்கே நிதானமாகப் பெருகுகிறது. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிஷத்தில் இரண்டாகும். இதற்கு அரை நாள்போல ஆகும். அதனால்தான் கடித்து ஆறு நாள் முதல் மூன்று வாரம் வரை கழித்தே காய்ச்சல் தொடங்குகிறது. உயிருள்ள செல் இல்லாமல் வளராது என்பதால், ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சாதாரண பிளட் கல்ச்சரிலும் எதுவும் முளைக்காது.

ஊசி பலிக்காததன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. பென்சிலினும், டைபாய்டுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோனும் பாக்டீரியாவின் செல்சுவர் கட்டுமானத்தைத் தாக்குபவை. ஓரியன்ஷியாவுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான சுவரே கிடையாது. முதலில் சொன்ன மலிவான மாத்திரையான டாக்சிசைக்ளினோ நம் செல்லுக்குள்ளேயே புகுந்து, பாக்டீரியாவின் ரைபோசோம் புரதம் தயாரிப்பதைத் தடுத்துவிடும். பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மில்லிகிராம், காலை மாலை, ஏழு நாள். பெரும்பாலானவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் ஜுரம் இறங்கும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தருகிறார்கள்.

சிகிச்சை தள்ளிப்போனால் ரத்தக்குழாய்களின் உட்சுவர் பழுதாகி நீர் கசியத் தொடங்கும். நுரையீரலில் கசிந்தால் மூச்சுத் திணறல். சிறுநீரகம், ஈரல், மூளை எதுவும் தப்பாது. இந்த நிலையில் 'தெம்புக்கு' என்று பாட்டில் மேல் பாட்டிலாக ஏற்றும் குளுக்கோஸும் நுரையீரலில் போய்த் தேங்கலாம். கேட்டு வாங்கி ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தை நாம் விட்டே ஆகவேண்டும்.

பரிசோதனையை மட்டும் நம்பிக் காத்திருப்பதும் ஆபத்து. ஸ்க்ரப் டைபஸுக்கான ஐஜிஎம் எலைசா என்ற ரத்தப் பரிசோதனை நல்லதுதான். ஆனால் அது தேடும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரியவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். டைபாய்டுக்குச் செய்யும் விடால் பரிசோதனையோ, ஒரே ஒரு முறை செய்தால், டைபாய்டு சகஜமாக இருக்கும் ஊர்களில் வேறு காய்ச்சலிலும் பாசிட்டிவ் காட்டும். அறிகுறியைப் பார்த்துச் சந்தேகம் வந்ததுமே டாக்சிசைக்ளினைத் தொடங்கும் மருத்துவர்கள் செய்வது சரியான காரியம்.

தீவிரமாகிவிட்டவர்களுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு வேலூர் சிஎம்சி தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் 794 பேரிடம் நடந்த ஆய்வு விடை தந்தது. 2023-இல் வெளியானது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றியபோது, மரணம், ஏழாம் நாளிலும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளிலும் விடாத ஜுரம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் 33 சதவீதம். ஒற்றை மருந்து வாங்கியவர்களில் அது 47, 48 சதவீதம். இரண்டு மருந்துகளும் ரைபோசோமை இரண்டு வேறு இடங்களில் பிடிக்கின்றன. ஆனால் மரணத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. உறுப்புகள் கெட்ட பிறகு எந்த மருந்துக்கும் எல்லை உண்டு.

தடுப்பூசி இன்னும் வரவில்லை. ஓரியன்ஷியாவின் மேல்புரதம் வகைக்கு வகை மாறுவதால் ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம். ஆடு மேய்க்கவோ, விறகு பொறுக்கவோ, மாந்தோப்பில் களை எடுக்கவோ போனால் கை கால் மூடிய உடை போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புத் தேய்த்துக் குளித்து, துணியைத் துவைத்துவிடுங்கள். துவைத்த துணியைப் புதர்மேல் உலர்த்த வேண்டாம். அப்படியும் ஜுரம் வந்தால், கடந்த மூன்று வாரத்தில் எந்தக் காட்டுக்கு, எந்தப் புல்வெளிக்குப் போனீர்கள் என்பதை டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் சொல்லுங்கள்.