மோட்டார் கடைசியில்: பெரிய மாதிரி விமானத்தின் உந்து அமைப்பைத் தேர்வது எப்படி

பத்துக் கிலோ எடையில் மாதிரி விமானம் ஒன்றைக் கட்ட நினைப்பவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த மோட்டாரை வாங்கலாம் என்பதைத்தான். தர்மபுரிப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்கு மோட்டார் வாங்கப் போகும் விவசாயி அப்படிக் கேட்பதில்லை. எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது, என்ன குழாய், எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்பதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அவர் குதிரைத்திறனைப் பற்றிய பேச்சுக்கே வருகிறார். விமானத்துக்கும் அந்த வரிசைதான் பொருந்தும். எடை, சிறகு, புறப்படும் தரை, அங்குள்ள காற்று ஆகியவை முதலில் வரவேண்டும். அவற்றிலிருந்து ப்ரொப்பெல்லர், அதிலிருந்து சுழற்சி வேகம், அதன் பிறகு பேட்டரியின் மின்னழுத்தம். இவையெல்லாம் முடிவான பின் மோட்டாருக்கு ஏறக்குறைய ஒரே விடைதான் மிஞ்சும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். சிறகின் நீளம் 2.7 மீட்டர், சராசரி அகலம் 37 சென்டிமீட்டர், ஆகவே பரப்பு ஒரு சதுர மீட்டர். பேட்டரியோடு சேர்த்து எடை 10 கிலோ. இந்த விமானம் எந்த வேகத்துக்குக் கீழே போனால் சிறகு தூக்குவிசையை இழக்கும் என்பது காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. நூல்களில் காணப்படும் கணக்குகள் பெரும்பாலும் கடல் மட்டத்தில், 15 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், ஒரு கனமீட்டர் காற்றுக்கு 1.225 கிலோகிராம் என்ற அளவை வைத்துப் போடப்பட்டவை. நம் மாவட்டங்களில் அந்தக் காற்று கிடையாது. தர்மபுரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 460 மீட்டர் உயரத்திலும், ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. சித்திரை மாதத்தில் 38 டிகிரி வெயில் அடிக்கும் தர்மபுரியிலும், 25 டிகிரியில் இதமாக இருக்கும் ஓசூரிலும் கணக்கிட்டுப் பார்த்தால், இரண்டு இடத்திலும் அடர்த்தி 1.07 கிலோகிராம் அளவிலேயே வந்து நிற்கிறது. ஓரிடத்தில் உயரம் செய்யும் வேலையை மற்றோரிடத்தில் வெப்பம் செய்துவிடுகிறது. கடல் மட்டத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் நம் விமானம், இங்கே 43 கிலோமீட்டரிலேயே தூக்குவிசையை இழக்கத் தொடங்கும்.

எவ்வளவு திறன் தேவை என்பதைப் பலரும் ஒரு கிலோவுக்கு இத்தனை வாட் என்று கணக்கிடுகிறார்கள். பழகுவதற்கான விமானத்துக்கு 100 முதல் 150 வாட், ஓரளவு சாகசம் செய்யும் விமானத்துக்கு 200 வாட்டுக்கு மேல், மூக்கை வானத்துக்கு நிமிர்த்தி அந்தரத்தில் நிற்க வேண்டுமானால் 300 வாட்டுக்கும் மேல் என்பது பொதுவான வழக்கு. இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் பார்த்துவிடலாம். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சமமாகப் பறக்கும்போது, தூக்குவிசையில் எட்டில் ஒரு பங்கு இழுவையாக இருக்கும் என்று கொண்டால், அதை எதிர்த்துச் செல்ல 245 வாட் போதும். நொடிக்கு 5 மீட்டர் வீதம் மேலேறவும் வேண்டுமானால் இன்னொரு 490 வாட் சேர்கிறது. ப்ரொப்பெல்லரிலும் மோட்டாரிலும் கம்பியிலும் ஏறக்குறைய பாதி வீணாகும் என்பதால், பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டியது 1,500 வாட்டை நெருங்குகிறது. தரையிலிருந்து எழும்புவதற்கும் எதிர்பாராத காற்றுக்கும் கொஞ்சம் கையிருப்பு வைத்தால் 2,000 வாட் என்ற எண் கிடைக்கிறது. ஆகவே 2,000 வாட் என்பது விமானம் எப்போதும் குடிக்கும் அளவன்று. சமமாகப் பறக்கையில் அதில் கால் பங்கே செலவாகும். பேட்டரியைக் கணக்கிடும்போது இது உதவும்.

இனி ப்ரொப்பெல்லர். உந்துவிசை என்பது ஒரு நொடியில் பின்னால் தள்ளப்படும் காற்றின் நிறையையும், அந்தக் காற்றுக்குக் கிடைக்கும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. அந்தக் காற்றுக்காகச் செலவாகும் ஆற்றலோ வேகத்தின் இருபடியைப் பொறுத்து ஏறுகிறது. எனவே கொஞ்சம் காற்றை மிக வேகமாகத் தள்ளுவதைவிட, நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவதே சிக்கனம். மோட்டாரின் தண்டில் 1,700 வாட் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 20 அங்குல ப்ரொப்பெல்லர் விமானம் நின்ற நிலையில் ஏறத்தாழ 7.8 கிலோ எடைக்கு நிகரான விசையைத் தரும். அதே திறனை 16 அங்குல ப்ரொப்பெல்லருக்குக் கொடுத்தால் 6.7 கிலோதான் வரும். இந்த ஒரு கிலோ வித்தியாசத்தை மோட்டாரை மாற்றிச் சம்பாதிக்க வேண்டுமானால், திறனை நான்கில் ஒரு பங்காவது கூட்ட வேண்டியிருக்கும்.

அப்படியானால் விட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாமா என்றால், தரை இடம் கொடுக்காது. நம் ஊரில் ஓடுதளம் என்பது பெரும்பாலும் கோடையில் வற்றிய ஏரியாகவோ, கேழ்வரகு அறுத்து முடித்த மேட்டு நிலமாகவோதான் இருக்கும். 20 அங்குல ப்ரொப்பெல்லரின் நுனி தண்டிலிருந்து 25 சென்டிமீட்டருக்கும் சற்று அதிகமாகக் கீழே இறங்குகிறது; அதற்குக் கீழே அறுத்த தாளும் சரளைக் கல்லும் தொடாமலிருக்க இன்னும் ஏழெட்டு சென்டிமீட்டர் வேண்டும். சக்கரக் கால்களின் உயரம்தான் விட்டத்துக்கு எல்லை கட்டுகிறது என்பதால், உடற்கூட்டை வரையும்போதே இதை முடிவு செய்துவிடுவது நல்லது. தரை இன்னொரு வகையிலும் குறுக்கிடுகிறது. குறும்புல் தரையில் எடையின் பத்தில் ஒரு பங்கு சக்கரத்தைப் பிடித்திழுக்கும் என்றால், நம் விமானம் ஏறத்தாழ 20 மீட்டர் ஓடி எழும்பும். இளகிய புழுதியில் அந்தப் பிடிப்பு பத்தில் மூன்று பங்கானால் 33 மீட்டர் ஓட வேண்டும். வேகத்தைவிட நின்ற நிலை விசையையே நான் இங்கே முன்னிறுத்துவதற்கு இதுவே காரணம்.

பிட்ச் என்பது ஒரு சுற்றில் ப்ரொப்பெல்லர் கொள்கையளவில் முன்னேறும் தொலைவு. 20 அங்குல விட்டமும் 10 அங்குல பிட்சும் கொண்ட ஒன்று நிமிடத்துக்கு 6,500 சுற்றுச் சுழன்றால், அந்த வேகம் நொடிக்கு 27.5 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இது தூக்குவிசை இழக்கும் வேகத்தைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்குக்குள் இருந்தால் இத்தகைய விமானத்துக்குப் போதும். பிட்சை விட்டத்தின் முக்கால் பங்குக்குக் கொண்டுபோனால், நின்ற நிலையில் இதழ்களே காற்றைச் சரியாகப் பிடிக்காமல் திணறும். நுனியின் வேகத்தையும் பார்க்க வேண்டும்: நம் எடுத்துக்காட்டில் அது நொடிக்கு 173 மீட்டர், ஒலியின் வேகத்தில் ஏறக்குறைய பாதி. இதற்கு வெகுவாக மேலே போனால் இரைச்சல்தான் மிகும்.

மெல்லிய காற்றைப் பற்றி முன்பு சொன்னது இங்கே திரும்பப் பயன்படுகிறது. எரிபொருள் எஞ்சின் காற்றை உள்ளிழுத்து இயங்குவதால், அடர்த்தி 13 சதவீதம் குறைந்தால் அதன் திறனும் ஏறக்குறைய அவ்வளவு குறைந்துவிடும். மின்மோட்டார் மூச்சு விடுவதில்லை. அடர்த்தி குறையும்போது அதே ப்ரொப்பெல்லர் எளிதாகச் சுழன்று குறைந்த மின்னோட்டத்தை எடுக்கிறது. மோட்டாரின் திறன் பயன்படாமல் மீந்து கிடக்கிறது. ப்ரொப்பெல்லர் உறிஞ்சும் திறன் விட்டத்தின் ஐந்தாம் படியைப் பொறுத்தது என்பதால், 20 அங்குலத்தை 20.5 அங்குலமாக்கினாலே அந்த 13 சதவீதம் ஈடாகிவிடும். அரை அங்குல அளவில் கடையில் கிடைக்காதபோது பிட்சை ஓர் அங்குலம் கூட்டிப் பார்க்கலாம். சென்னையில் பறக்கவிடும் நண்பர் சொல்லும் அளவை ஓசூரில் அப்படியே மாட்டினால் விசை சற்றுக் குறைவாகத் தெரிவது இதனால்தான்.

6,500 சுற்று என்று முடிவானதும் மின்னழுத்தத்துக்கு வரலாம். ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் சுமையின்றி எத்தனை சுற்றுச் சுழலும் என்பதே அதன் கே.வி. எண். முழுச் சுமையில் அந்த வேகத்தில் 80 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். பத்து செல்களைத் தொடராக இணைத்த லித்தியம் பாலிமர் பேட்டரி சுமையில் 36 வோல்ட் தரும் என்றால், நமக்கு வேண்டிய கே.வி. 220. ஆறு செல் பேட்டரியானால் 370. இந்த எண் பெரிதாக இருந்தால் மோட்டார் வலிமையானது என்று நினைப்பவர்கள் உண்டு; உண்மை வேறு. கே.வி. கூடினால் ஓர் ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை அதே விகிதத்தில் குறையும். நம் ப்ரொப்பெல்லருக்கு 2.5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். அதற்கு பத்து செல் அமைப்பு ஏறத்தாழ 58 ஆம்பியரும், ஆறு செல் அமைப்பு ஏறத்தாழ 97 ஆம்பியரும் எடுக்கும். மின்னோட்டத்தின் இருபடியில் வெப்பம் ஏறுவதால், அதே கம்பியும் இணைப்பானும் ஆறு செல்லில் 2.8 மடங்கு சூடாகும். மோட்டாருக்குள் மட்டும் இந்த வித்தியாசம் இல்லை: தடித்த கம்பியைக் குறைந்த சுற்றுகளாகச் சுற்றினாலும், மெல்லிய கம்பியை அதிகச் சுற்றுகளாகச் சுற்றினாலும் தாமிரத்தின் அளவு ஒன்றாக இருந்தால் அங்கே இழப்பும் ஒன்றுதான். உயர் மின்னழுத்தத்தின் லாபம் கம்பியிலும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலும் கிடைப்பது. அந்தக் கருவியை 58 ஆம்பியருக்கு 80 அல்லது 100 ஆம்பியர் அளவில் வாங்குவதே பாதுகாப்பு.

இப்போது மோட்டார். வெளி ஓடு சுழலும் வகை மோட்டாரில் காந்தங்கள் மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் முறுக்குவிசை கூடும். பல்சக்கரம் இல்லாமலே பெரிய ப்ரொப்பெல்லரை நேரே மாட்டலாம். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகும் மின் ஸ்கூட்டர்களிலும் பிரஷ் இல்லாத, நிலைக்காந்த மோட்டார்களே இருக்கின்றன என்பதால், இந்த மாவட்ட இளைஞர்களுக்கு இது அந்நியமான தொழில்நுட்பமன்று. மோட்டாரின் எடையைப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. ஒரு கிராமுக்கு மூன்று முதல் நான்கு வாட் என்ற கணக்கில் 2,000 வாட்டுக்கு 500 முதல் 650 கிராம் எடையுள்ள மோட்டார் வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் உச்சத் திறன் பெரும்பாலும் சில விநாடிகளுக்கான எண். அதை நம்பி 350 கிராம் மோட்டாரை வாங்குவது வீண்செலவு. சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரியைத் தாண்டினால் காந்தத்தன்மையை இழக்கத் தொடங்கும். வெளிக்காற்றே 38 டிகிரியாக இருக்கும் ஊரில் சூடேற மிஞ்சியிருப்பது 42 டிகிரிதான் என்பதால், மூக்கு மூடியில் காற்று நுழையும் வாயும், அதைவிடப் பெரிதாக வெளியேறும் வாயும் கட்டாயம் வேண்டும்.

பேட்டரியில் 37 வோல்ட், 6 ஆம்பியர் மணி என்றால் 222 வாட் மணி ஆற்றல். எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஐந்தில் நான்கு பங்கை மட்டும் பயன்படுத்தி, சராசரியாக 700 வாட் செலவழித்தால் கால் மணி நேரம் பறக்கலாம். 58 ஆம்பியர் என்பது இந்தப் பேட்டரிக்குப் பத்து சி, அதாவது அதன் ஆம்பியர் மணி எண்ணைப்போல் பத்து மடங்கு அளவுகூட இல்லை. எனவே உறையில் 70 சி, 100 சி என்று எழுதியிருப்பதற்குக் கூடுதல் பணம் தருவதில் பொருளில்லை. அதைவிட உள்தடையை அளக்கும் சார்ஜர் ஒன்று பயன் தரும். செல் ஒன்றுக்கு 3 மில்லி ஓம் என்றால் முழு விசையில் 1.7 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே இறங்கிவிடும், 100 வாட் வெப்பமாகப் போகும். பழைய பேட்டரியில் இது இரட்டிப்பாகும். ஐந்து செல் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைப்பவர்கள் ஒரே நாளில் வாங்கிய ஒரே வகையை எப்போதும் ஜோடியாகவே வைத்துப் பயன்படுத்த வேண்டும். வீட்டில் வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட், வெயிலில் மூடிய காருக்குள் ஒருபோதும் வேண்டாம்.

பறக்குமுன் ட்ரோன் விதிகள் 2021-இன்படி வெளியிடப்பட்டுள்ள வான்பரப்பு வரைபடத்தில் உங்கள் திடலின் நிறத்தை, அதாவது அங்கே பறக்கத் தடையோ கட்டுப்பாடோ உண்டா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓசூருக்கு அருகே பேளகொண்டப்பள்ளியில் விமானத் தளம் இருக்கிறது.

கடைசியாக, வால் பகுதியை முளையில் கட்டி, ப்ரொப்பெல்லரின் பின்புறம் நின்று, வாட் மீட்டரை வைத்து இருபது விநாடிகள் முழு விசை கொடுத்து அளக்க வேண்டும். அந்த அளவை எந்த மாதத்தில், எத்தனை டிகிரியில் எடுத்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தை மாதக் காலையில் 18 டிகிரிக் குளிரில் தர்மபுரியின் காற்று, கோடை நண்பகலைவிட 7 சதவீதம் அடர்ந்திருக்கும். சித்திரையில் எல்லைக்கு மிக நெருக்கமாக அமைத்த ப்ரொப்பெல்லர் தையில் அந்த எல்லையைத் தாண்டி மின்னோட்டத்தை இழுக்கும். கோடையில் அமைக்கிறவர் பத்து சதவீத இடைவெளி விட்டு அமைத்தால், ஆண்டு முழுவதும் அதே ப்ரொப்பெல்லரோடு பறக்கலாம்.