பெட்ரோல் வண்டியைப் பேட்டரிக்கு மாற்றப் போகிறீர்களா? முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஓடாத பழைய ஸ்கூட்டர் ஒன்று மூலையில் நிற்காத வீடு குறைவு. எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் மாட்டிவிடலாமே என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். கிட் இணையத்தில் கிடைக்கிறது, பட்டறைக்காரரும் தெரிந்தவர். சரி, மாட்டிவிடலாம். ரோட்டில் ஓட்ட முடியுமா என்பதுதான் கேள்வி.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. ஆனால் எரிபொருளை மாற்ற வழி உண்டு. அதற்கும் ஏ.ஐ.எஸ். 123 என்ற இந்திய வாகனத் தரப்படி சோதித்துச் சான்று பெற்ற கிட் வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனம், நம் தமிழ்நாட்டிலேயே சென்னைப் பக்கம் ஒரகடத்தில் உள்ள மையம் போன்றவை இந்தச் சோதனையைச் செய்கின்றன. (பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி 1953 முதல் காரைக்குடியிலேயே இருக்கிறது. ஆனால் வண்டிக் கிட்டுக்குச் சான்று வாங்கும் இடம் அது அல்ல.) உங்கள் வண்டி வகைக்கு அந்தச் சான்று பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். மாட்டுபவரும் கிட் நிறுவனம் அங்கீகரித்த ஆளாக இருக்க வேண்டும். ஆக, வீட்டுக் கொட்டகையில் நாமே மாட்டிக்கொள்வது சட்டப்படி நடக்காது. மீறினால் 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பணம் கட்டுவதற்கு முன்பே வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். செட்டிநாட்டு ஊர்கள் சில சிவகங்கை மாவட்டத்திலும் சில புதுக்கோட்டையிலும் இருப்பதால், எந்த அலுவலகம் என்பதில் குழப்பம் வரும். கடன் நிலுவை இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதம் தேவை. மாற்றியதை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் எரிபொருள் மாறியதும் பச்சை நிற நம்பர் பிளேட். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் விபத்தின்போது பணம் கேட்டு அலைய வேண்டியிருக்கும்.

"250 வாட் மோட்டார்தான், பதிவே வேண்டாம்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். அந்த விலக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத சின்ன வண்டிகளுக்கு. ஏற்கெனவே பதிவான உங்கள் ஸ்கூட்டருக்கு அல்ல.

லாபம் என்ன? பேட்டரி வண்டிகளுக்கு 2021 ஆகஸ்டிலிருந்து ஆர்.சி. வழங்கவும் புதுப்பிக்கவும் கட்டணம் இல்லை. ஆனால் வண்டியின் வயது குறையாது. 15 ஆண்டு முடிந்தால் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். பி.எம். இ-டிரைவ் என்ற மத்திய அரசு மானியம் புது வண்டிகளுக்கென்று வந்தது, அதை எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

அப்புறம், கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் ஐயா காலத்துக் கார் துணி போர்த்தி நிற்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, எஞ்சின், சேஸிஸ், பாடி மூன்றிலும் கை வைக்காத வண்டியை 2021-இல் வந்த விதிப்படி 'விண்டேஜ்' என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு எடுத்துப் போகலாம், தினசரி ஓட்ட முடியாது. எஞ்சினை எடுத்துவிட்டு மோட்டார் வைத்தால் இந்த வாய்ப்பு போய்விடும். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் முதல் பதிவுத் தேதியைப் பார்த்துவிடுங்கள்.