பீலியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

சித்திரைப் புத்தாண்டுப் பலகாரம் தீரும்போதே கொழும்பில் கூரையைப் பார்க்க ஏணியை எடுத்துச் சாத்திவிட வேண்டும். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கூரை வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் வழுக்குகிற கூரையில் யாரையும் ஏற்றக்கூடாது.

இந்த ஊர் மழையின் அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1992 யூன் தொடக்கத்தில் கொழும்பில் 24 மணித்தியாலத்தில் 490 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. 2010 நவம்பரில் பாராளுமன்றத்துக்குள் வெள்ளம் புகுந்த மழையும் 440 மில்லிமீற்றர் அளவில் இருந்தது. 1992 அளவில் பெய்தால் 1,000 சதுர அடிக் கூரையிலிருந்து மட்டும் 45,000 லீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கும். மாடியில் இருக்கிற 1,000 லீட்டர் தாங்கியைப் போல 45 தாங்கி. அவ்வளவும் உங்கள் பீலி, அதாவது கூரை விளிம்பில் மழைத் தண்ணீரை ஏந்துகிற வாய்க்கால், வழியாகத்தான் போக வேண்டும்.

பீலியைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துப் பயனில்லை. சருகை அள்ளிவிட்டு, குழாய் இறங்கும் இடத்துக்கு எதிர் முனையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்து விரல் நனையும் அளவுக்கு எங்காவது தேங்கி நின்றால் அந்த இடத்தில் பீலி தொய்ந்திருக்கிறது. பிவிசி பீலியைத் தாங்கும் பிடிகள் இரண்டு அடிக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். செலவைக் குறைக்க நான்கு அடிக்கு ஒன்று அடித்துவிட்டுப் போகிறார்கள், இரண்டு வெயில் காலத்தில் நடுப்பகுதி வளைந்துவிடும். இடையில் ஒரு பிடி கூட்டிப் போடுங்கள். 10 அடிக்கு அரை அங்குலம் சரிவு போதும்.

இலை விழாமலிருக்கப் பீலி முழுவதையும் வலையால் மூடுவது எங்களுக்கு உடன்பாடில்லை. மாமரத்தடியில் அந்த வலை மேல் பூவும் பொடி இலையும் பாய் விரித்தாற்போலப் படிந்துவிடும். தண்ணீர் வலை மேலாக வழிந்து சுவரில் இறங்கும், உள்ளே தேங்கியதும் கண்ணுக்குத் தெரியாது. குழாய் வாயில் மட்டும் ஒரு கம்பி வலைக் குமிழ் வைத்தால் போதும்.

கட்டைச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே கொங்கிறீட் பீலி வைத்த வீடுகளில்தான் பெரிய சேதம் நடக்கிறது. ஒரு பிளாஸ்டிக் பையோ, காகம் கொண்டுவந்து போட்ட எலும்போ குழாய் வாயை அடைத்தால் பீலி குளமாகி, தண்ணீர் கூரைச் சீட்டின் அடியால் உள்ளே திரும்பி சீலிங்கோடு விழும். இதற்கு ஒரே ஒரு துளைதான் மருந்து. கட்டைச் சுவரில், சீட் விளிம்பை விட இரண்டு அங்குலம் தாழ்வாக, இரண்டு அங்குல பிவிசி துண்டை வெளிப்பக்கம் சரிவாகப் பதியுங்கள். மழையில் அந்தத் துளையால் தண்ணீர் கொட்டுகிறதா, குழாய் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். வீடு நனையாமலே உங்களுக்குத் தகவல் வந்துவிடும்.

பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டில் ஒருபோதும் நேரே கால் வைக்காதீர்கள். பாசி பிடித்த சீட் பார்வைக்கு உறுதியாக இருக்கும், உடல் பாரத்துக்குச் சட்டென்று உடையும். அடியில் மரம் ஓடுகிற ஆணி வரிசையின் மேல் பலகை போட்டு, அதன் மேல்தான் நகர வேண்டும். காய்ந்த சீட்டைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் கூடாது, அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

தேங்கிய தண்ணீர் என்றால் நுளம்பு. 2017 இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும், ஆகவே வாரத்துக்கு ஒருநாள் வளவைச் சுற்றிப் பார்ப்பது கட்டாயம். பலர் விடுகிற பிழை, தண்ணீரை ஊற்றிவிட்டு வாளியை அப்படியே கவிழ்த்து வைப்பது. முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். தும்பு பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் போகும். சிரட்டை, தம்பிலிக் கோம்பை எல்லோருக்கும் தெரியும். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பாவிக்காத கொமோட், கேற்றின் திறந்த இரும்புக் குழாய் முனை, இவைதான் தப்பிவிடும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி வளவில் நுளம்பு பெருக இடம்விட்டால் வழக்கு வரலாம், வீடு பூட்டியிருந்தது என்பது சாட்டாகாது.

மதிலுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பக்கம் மண் நிரப்பிய மதிலில் ஐந்தாறு அடிக்கு ஒன்றாக இரண்டு அங்குலக் குழாய்த் துளை இல்லாவிட்டால், ஊறிய மண் அதைத் தள்ளிவிடும். துளைக்குப் பின்னால் ஒரு கூடை சல்லிக் கல் போடுங்கள், மண் வந்து அடைக்காது.

மரங்களைப் பெப்ரவரி, மார்ச்சிலேயே கழிக்க வேண்டும். கூரைக்கு மேல் நீளும் கிளையும் தென்னையின் காய்ந்த ஓலையும் முதலில். பலா, ஈரப்பலா மரங்களை அடியோடு வெட்ட அனுமதி வேண்டும், பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

மழை நாளில், மின்சாரம் கசிந்தால் தானாக இறங்கும் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தால் அதை அழுத்திப் பிடித்துக் கட்டுகிற வேலை வேண்டாம். சின்ன பிரேக்கர் எல்லாவற்றையும் இறக்கி, ட்ரிப்பை ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்த லைனில் ஈரம். பெரும்பாலும் வெளி லைட், கேற் பெல், கிணற்று மோட்டர். எல்லாம் இறங்கியும் ட்ரிப் நிற்காவிட்டால் நியூட்ரல் வயர் எங்கோ ஏர்த்தைத் தொட்டிருக்கலாம், அது வயர்மேன் வேலை. சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், விழாத ட்ரிப் வெறும் அலங்காரம். இடிக்கு அது காவலும் இல்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி முழங்கத் தொடங்க முன்னரே டீவி, அன்டெனா வயர், ரவுட்டர் எல்லாவற்றையும் ப்ளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள்.

வெல்லம்பிட்டி, கொலன்னாவை போன்ற தாழ்ந்த இடங்களில் வெள்ளம் வாசலுக்கு முன் குளியலறைத் துவாரத்தால்தான் எட்டிப் பார்க்கும். மண் நிரப்பிய உரப்பையைத் துவாரத்தின் மேலும் கொமோட்டின் உள்ளும் இறுக்கி வையுங்கள். தண்ணீர் படியைத் தொட முன்னரே மெயின் சுவிட்சை இறக்குங்கள், தொட்ட பிறகு நனைந்த காலோடு அதன் கிட்டப் போகாதீர்கள். உதவிக்கு 117, அம்புலன்சுக்கு 1990. வடிந்த பின், நனைந்த ப்ளக் பொயின்ட்டுகளை வயர்மேன் கழற்றிக் காயவைத்துச் சோதித்துச் சொல்லும்வரை மெயினை ஏற்ற வேண்டாம்.