மனந்திரும்புதல்: ஒரு சொல், ஒரு திசை

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று கத்தோலிக்கக் கோயிலில் வரிசையில் நின்றால், சென்ற ஆண்டுக் குருத்தோலையை எரித்தெடுத்த சாம்பலை நெற்றியில் பூசி, "மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்" என்பார் குருவானவர். அதே மாற்கு 1:15 வசனத்தைச் சீர்திருத்தச் சபையார் "மனந்திரும்பி, சுவிசேஷத்தை விசுவாசியுங்கள்" என்று வாசிக்கிறார்கள். கிரேக்க மூலத்தில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்தான். அதன் பெயர் வடிவம் மெட்டனோயா.

'நூஸ்' என்றால் மனம், அறிவு. 'மெட்டா' இங்கே மாற்றத்தைக் குறிக்கிறது. ஆகவே 'மனம் மாறுதல்' நேரான மொழிபெயர்ப்பே. ஆனாலும் எனக்கு அதில் ஒரு மனக்குறை. நேற்றுச் சம்மதம் சொன்ன பெண் வீட்டார் இன்று மறுத்தாலும் 'மனம் மாறிவிட்டார்கள்' என்றுதானே சொல்கிறோம்? எந்தப் பக்கம் மாறினார்கள் என்பதை அந்தச் சொல் சொல்லாது.

'திரும்பு' சொல்லும். எபிரெயத் தீர்க்கதரிசிகள் இதற்குப் பயன்படுத்திய சொல் 'ஷூப்'. வெளியூர் போனவன் வீடு திரும்புவதற்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தான். கிரேக்கத்தின் மனமும் எபிரெயத்தின் திரும்புதலும் ஒரே தமிழ்ச் சொல்லில் கூடியிருக்கின்றன. திட்டமிட்டு அமைந்ததோ தற்செயலோ, அருமையான பொருத்தம். (மகரம் தகரத்தின் முன் நகரமாகும், 'மனம்திரும்பு' என்று எழுதுவோர் கவனிக்க.)

லத்தீன் வேதாகமத்தில் இது 'பெனிடென்சியா' ஆனது. வருந்துதல், தவமுயற்சி என்ற பக்கம் சாய்ந்த சொல் அது. 1517-இல் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் தம் 95 கருத்துரைகளில் முதலாவதாக எழுதியது, விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதைத்தான்.

வருத்தத்துக்குக் கிரேக்கத்தில் வேறொரு சொல் உண்டு: மெட்டமெலோமாய். பழைய தமிழ் வேதாகமம் அதை 'மனஸ்தாபம்' என்கிறது. தாபம் என்றால் வெப்பம், மனம் வேகிறது. இன்று இரு வீட்டாருக்கு நடுவே பேச்சுவார்த்தை நின்றுபோனால் மனஸ்தாபம் என்கிறோம். அன்று அது தனக்குள் எரிவது. தனித்தமிழில் வேண்டுமென்றால் 'கழிவிரக்கம்' இருக்கிறது, கழிந்ததற்கு இரங்குவது. அப்போஸ்தலர் பவுல் இரண்டு சொற்களையும் ஒரே வசனத்தில் வைக்கிறார் (2 கொரிந்தியர் 7:10): தேவனுக்கேற்ற துக்கம், பின்பு மனஸ்தாபப்பட இடமில்லாத மனந்திரும்புதலை உண்டாக்கும்.

மனஸ்தாபம் வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. இயேசு சொன்ன உவமையில் திராட்சத்தோட்டத்துக்குப் போகமாட்டேன் என்ற மகன், மனஸ்தாபப்பட்டுத்தான் வேலைக்குப் போனான். இயேசுவைச் சந்தித்த வரிவசூல்காரன் சகேயுவின் கதையிலோ மனந்திரும்புதல் என்ற சொல்லே வருவதில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை (நான்கு மடங்கு) என்று கணக்குத்தான் வருகிறது.

நிலைத்த மாற்றத்துக்கு அந்தப் பழைய தமிழ் வேதாகமத்தில் இன்னொரு சொல் இருக்கிறது: குணப்படுதல். "மனந்திரும்பிக் குணப்படுங்கள்" என்கிறார் இயேசுவின் சீடர் பேதுரு (அப்போஸ்தலர் 3:19). காய்ச்சல் நீங்கினால் குணமாயிற்று என்கிறோமே, அந்தக் குணம்தான்.

பேதுரு அந்தச் சொல்லைத் தம் காதாலேயே கேட்டவர். இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாஸ் மனஸ்தாபப்பட்டு, முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். ஆசாரியர்கள் ஏற்கவில்லை, தேவாலயத்தில் எறிந்துவிட்டு நான்றுகொண்டு செத்தான். இயேசுவை அறியேன் என்று மறுதலித்த பேதுருவும் அன்றிரவு வெளியே போய் மனங்கசந்து அழுதார். ஆனால் சேவல் கூவுவதற்கு முன்பே இயேசு அவரிடம் சொல்லியிருந்தார்: "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து."